நிறுத்தும் எண்

அன்னூர் தோட்டத்தில் மோட்டார் நிற்காமல் ஓடிக் கருகிப்போனது. அதை இயக்கும் கம்ப்யூட்டரில், நிறுத்தச் சொல்லும் கட்டளைக்கு அடிப்படை மென்பொருளான கெர்னலில் எண் ஏழு. கெர்னலுக்குக் கட்டளையை அனுப்பும் சி லைப்ரரியிலோ ஒன்பது. கெர்னலை எழுதியது ஷாஹுல், லைப்ரரியை எழுதியது நிலோஃபர். ஒரே அலுவலகம்தான், ஆனால் இருவருக்கும் பேச்சு இல்லை.

"யாராச்சும் ஒருத்தர் மாத்துனாப் போதுமுங்க," என்றார் மேனேஜர் தமிழ்ச்செல்வன்.

"அவங்க மாத்தட்டுமுங்க," என்றான் ஷாஹுல்.

"எப்பவும் நானேதான் மாத்தோணுமாங்க?" என்றாள் நிலோஃபர்.

மறுநாள் சோதனையில் புது மோட்டாரும் நிற்கவில்லை. தமிழ்ச்செல்வன் எரிச்சலோடு இரண்டு ஃபைல்களையும் திறந்தார். கெர்னலில் ஒன்பது இருந்தது. லைப்ரரியில் ஏழு.

"ரெண்டு பேருமே மாத்திப்போட்டீங்களா? ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதுங்களா?"

ஷாஹுல் நிலோஃபரைத் திரும்பிப் பார்த்தான்.

நிலோஃபர் கண்களைத் துடைத்துக்கொண்டு கணவனிடம் மெதுவாகச் சொன்னாள்:

"சாயங்காலம் வக்கீலைப் பார்க்கப் போக வேண்டாமுங்க."