பூட்டிய பக்கங்கள்

"தொடாதீங்க!"

நர்ஸ் அமலியின் கையை எட்டிப் பிடித்துவிட்டாள் பூங்கோதை. சுவிட்சுக்கும் விரலுக்கும் நடுவே நூலிழைதான்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிரும் மேடம். எப்பவும் அப்படித்தான பண்ணுவோம்?"

இந்த முறை ஆகாது. சுவாசக் கருவியின் கடிகாரம் உறைந்துவிட்டது. வரைபடம் போய்விட்டது. பொத்தான்கள் கேட்கவில்லை. திரையின் ஓரத்தில் ஒரே ஒரு பிழைச்செய்தி. உள்ளே நிரலைச் சேமித்து வைத்திருந்த வட்டு செத்திருந்தது. அணைத்தால் இனி எழாது.

மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் குறைமாதக் குழந்தையின் தீப்பெட்டி அகல நெஞ்சு ஏறியது.

இறங்கியது.

அவள் எழுதிய நிரல்தான். நினைவகத்தில் இடம் நெருக்கினால் கருவியை உள்ளிருந்து ஆளும் கெர்னல், பக்கங்கள் என்னும் நிரல் துண்டுகள் சிலவற்றைத் தூக்கி வெளியே போட்டுவிடும். வேண்டும்போது வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அதற்கு. மூச்சுக் கொடுக்கும் பக்கங்களை மட்டும் அவள் பூட்டி வைத்திருந்தாள். எந்த நெருக்கடியிலும் அவை அசையக் கூடாது.

ஒரே ஒரு வரி. அதற்கு மேலதிகாரி முகுந்தன் சாரிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமா நஞ்சமா? "மெமரி என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

வெளியே போன பக்கங்கள் திரும்பவே இல்லை. பூட்டியவை, அம்மாடி, அப்படியே நின்றன. திரும்பிப் போக வீடே இல்லாமல் நின்று வேலை பார்த்தன.



மேல்மாடியிலிருந்து மாற்றுக் கருவி வரும்வரை சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள். டாக்டரைக்கூடக் கிட்டே விடவில்லை.

வந்தது. அமலி ரப்பர் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்க, டாக்டர் குழாயை மாற்றினார்.

நெஞ்சு ஏறியது.

அதற்கப்புறம்தான் பழையதை அணைத்தாள். மறுபடி போட்டாள். கறுப்புத் திரை. எவ்வளவு நேரம் பார்த்தாலும் கறுப்புத்தான்.

அமலி சிலுவை போட்டுக்கொண்டாள். "இதுலயா மேடம் பிள்ள இவ்வளவு நேரம் கெடந்துச்சு?"

போன் அடித்தது. முகுந்தன் சார்.

"பூங்கோதை, புது வெர்ஷன் போட்டாச்சா?"

அதைப் போடத்தான் அவள் வந்திருந்தாள். பென்டிரைவ் கைப்பையில் இருந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க அந்த ஒரு வரியை அவர் நீக்கிய பதிப்பு.

"போடல சார்."

"ஏன்?"

அவள் பெட்டிக்குள் பார்த்தாள்.

"இங்க ஒருத்தன் மூச்சு விட்டுக்கிட்டிருக்கான் சார்."