சத்தம் வராத டிரைவ்

கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேசையில் குழல்விளக்கு வெளிச்சம் வழிகிறது. கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்த பழைய ஹார்டு டிஸ்க்கை அவள் பிரித்து வைக்கிறாள். காலையில் அது கறகறவென்று இரைந்தால் கணவர் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். அவர் இறந்து எட்டு மாதமாகியும், தினம் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்று அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்றோடு அதுவும் அடங்கிவிட்டது. கடைக்காரர் அதற்குப் பதிலாக, சீட்டுக்கட்டைவிட மெலிந்த எஸ்எஸ்டி என்ற புதுவகை டிரைவ் ஒன்றை நீட்டுகிறார். "விலையும் கம்மி, நல்லா உழைக்கும்மா. அஞ்சு வருஷம் வாரண்டி. முக்கியமா, சத்தமே வராது." அவள் அதை வாங்கிக் காதோரம் வைத்துப் பார்க்கிறாள். "வீட்டுல ஏற்கெனவே சத்தமே இல்லைங்க," என்கிறாள். "கொஞ்சம் இரையுற மாதிரி ஒண்ணு இருக்கா?"