கோரமண்டலில் ஒரு துறைமுகம்

கப்பல் கிளம்ப இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. சாம்சன் கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டு, சைக்கிளில் வந்து இறங்கியவரை மேலும் கீழும் பார்த்தான்.

“கேட் பாஸ் எங்க?”

“இன்னா பாஸு? நான் இந்த குடோன் வாட்ச்மேன்பா, ராஜேந்திரன். பொண்ணு கல்யாணம்னு பத்து நாள் லீவுல போய்ட்டு இப்பதான் வரேன். நீ யாரு?”

சாம்சனுக்குச் சிரிப்பு வந்தது. கோலார் தங்கவயலுக்குள் இருக்கும் இந்தக் கோரமண்டலில் கடல் ஏது, கப்பல் ஏது? குடோன் சுவரில் சாக்பீஸால் ‘கப்பல்’ என்று எழுதியிருந்தது. இந்த இரும்பு கேட்தான் துறைமுகம். ‘சென்னைத் துறைமுகத்துக்கு செக்யூரிட்டி ஆட்கள் தேவை’ என்று ராபர்ட்சன்பேட்டையில் நோட்டீஸ் ஒட்டி, கேப்டன் வாசு ஒரு வாரமாக நடத்திவரும் பயிற்சி. இன்று சாம்சனுக்குப் பரீட்சை.

தங்கச் சுரங்கத்தை மூடி மூன்று மாதமாகிறது. பதினெட்டு வருஷம் ஷாஃப்டில் இறங்கியவனுக்கு ஊரில் யாரும் வேலை தரத் தயாராக இல்லை. இதில் தேறினால் திங்கட்கிழமை சென்னையில் டியூட்டி. மனைவி ஞானசுந்தரி பெட்டியே கட்டிவிட்டாள்.

கேப்டன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “பாஸ் இல்லாம எவனும் உள்ள வரக்கூடாது. சீல் வச்ச சரக்கைப் பிரிக்கக்கூடாது, பேப்பர் சரியா இருந்தா விட்டுடணும். பரீட்சை அன்னிக்கு ஒரு ஆள் வருவான். கதை விடுவான், அழுவான். பிடிச்சு ரூம்ல வைங்க. நம்பினா வேலை போச்சு.”

“சாவி கீதுப்பா, நம்பலன்னா பாரு!” ராஜேந்திரன் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

சாம்சன் அதை வாங்கி, கேட்டில் தொங்கிய பளபளப்பான பூட்டில் போட்டுப் பார்த்தான். சாவி உள்ளே நுழையவே இல்லை.

“மாட்டிக்கினீங்களா, பெரியவரே?”

அவரைக் கையோடு இழுத்துப் போய்க் கேட் பக்கத்து அறையில் அடைத்தான். உள்ளேயிருந்து அவர் கதவை உதைத்தார், முதலாளியைக் கூப்பிடு என்று கத்தினார், கடைசியில் அழவே ஆரம்பித்துவிட்டார். என்ன நடிப்பு என்று சாம்சன் அசந்துபோனான். வயசானவர், பாவமாகவும் இருந்தது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தான்.

சற்று நேரத்தில் குடோன் பக்கமிருந்து மூன்று லாரிகள் வரிசையாக வந்து நின்றன. அவற்றில் இருப்பது பரீட்சைக்காக மணல் நிரப்பிய பெட்டிகள் என்று கேப்டன் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் சாம்சன் யாரையும் நம்புவதாக இல்லை. லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தான், டிரைவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தான். ஒளிந்து போகிறவன் எவனும் இல்லை. சீல் சரி, பேப்பர் சரி. நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு கேட்டை அகலத் திறந்தான்.

கடைசி லாரியின் முன் சீட்டிலிருந்து கேப்டன் வாசு கை நீட்டிக் குலுக்கினார்.

“நூத்துக்கு நூறு, சாம்சன்! உங்கள மாதிரி ஆளைத்தான் தேடிட்டிருந்தேன். ஆர்டர் நாளைக்கு வீட்டுக்கு வந்துடும். பத்து நிமிஷம் கழிச்சு அந்த ஆளை விட்டுடுங்க.”

சாம்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. சரியாகப் பத்து நிமிடம் பொறுத்து அறையைத் திறந்தான்.

“டெஸ்ட் முடிஞ்சிட்ச்சி பெரியவரே, நான் பாஸாயிட்டேன்! இன்னாமா நடிச்சீங்க! கோச்சிக்காம வாங்க, டீ சாப்பிடலாம்.”

ராஜேந்திரன் அவனைத் தள்ளிவிட்டுக் குடோனுக்குள் ஓடினார். உள்ளே வெறும் தரைதான் இருந்தது. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

“மொதலாளியோட செம்புக் கம்பி அத்தனையும் போச்சேப்பா… கேட்டை யாருப்பா தெறந்து வுட்டது?”