குண்டானவர்களுக்கு மட்டும் இடம்

"குண்டா இருக்கறவங்க மட்டும் வேன்ல ஏறுங்க! சீக்கிரம்!" என்று கத்தினான் மாப்பிள்ளையின் அண்ணன் ராடொயே.

மணப்பெண் வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ட்ரம்பெட்காரர்கள் வேறு காது கிழிய ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அத்தை ஸ்தானொய்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கல்யாணத்துக்கு வரச் சொல்லிட்டு அவமானப்படுத்தறியாடா?"

"ஐயோ அத்தை, இப்ப உங்களை விட்டா எங்களுக்கு வேற கதியில்ல. ஏறுங்க!"

மாப்பிள்ளை மிலுட்டினும் ஏறப் போனான். ராடொயே அவன் கோட்டைப் பிடித்து இழுத்தான். "ஒட்டடைக்குச்சி, நீ எதுக்கு? எறங்குடா!"

"எனக்குத்தாண்ணா கல்யாணம்!"

"அது நடக்கணும்னா எறங்கு!"

கசாப்புக்கடை மாமா ஏறினார். டிரம்காரர் டிரம்மோடு ஏறினார். கடைசியில் அத்தை முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்ததும் வேன் இன்னும் ஒரு விரல்கடை அமிழ்ந்தது.

"போதும்!" ராடொயே ஓட்டுநர் இருக்கைக்குத் தாவினான்.

வேன் மெல்ல நகர்ந்தது. அதன் கூரையிலிருந்த கேரியர் அடுக்குமாடியின் தரையடி கார் ஷெட் வாசலின் மேல்விட்டத்தில் உரசாமல் தாண்டியதும் எல்லோரும் விசிலடித்தார்கள். பின்னால் அடைபட்டுக் கிடந்த மாப்பிள்ளை கார் ஹாரன் அடித்தபடி வெளியே பாய்ந்தது.

நேற்று ஒயின் பீப்பாய்களின் பாரத்தோடு தாழ்ந்து உள்ளே வந்த வேன், அவற்றை இறக்கியதும் எழும்பிவிட்டது. காலையில் வெளியே எடுத்தபோது கேரியர் வாசல் விட்டத்தில் இடித்து நின்றது.

"அந்த ஒயினையே திரும்ப ஏத்தியிருக்கலாமேடா?" என்றாள் அத்தை.

"அதைத்தானே அத்தை ஏத்தியிருக்கோம்! நேத்தே குடிச்சுத் தீர்த்தது நீங்கள்லாம்தானே?"