நீலக் கால்கள்

மரகதம் என்ற வயதான கோழிக்கு, தன் காலைச் சாயத்தில் தோய்த்துத் துணியில் அச்சுப் பதிப்பதுதான் வாழ்நாள் வேலை. சந்தைத் திடலில் ஆண்டுதோறும் நடக்கும் கண்காட்சியில் அதன் துணி இல்லாமல் இருந்ததே இல்லை. இந்த முறை ஓரமெல்லாம் பூப்பூவாகப் பதித்துவிட்டது. நடுவில் என்ன போடுவதென்றுதான் பத்து நாளாகப் பிடிபடவில்லை. மறுநாள் கண்காட்சி.

வேடிக்கை பார்க்க வந்த பொன்னி வாத்து, தெரியாமல் நீலச் சாயச் சட்டிக்குள் காலை விட்டது. பதறிப்போய்த் துணியின் குறுக்கே ஓடியது.

"ஐயோ மரகதக்கா, கெடுத்துட்டேனே!" என்று அழுதது.

மரகதம் ஓடிவந்தது. கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. பிறகு மறு கண்ணால் பார்த்தது. நீலத் தடங்கள் ஆறு போல வளைந்து வளைந்து ஓடின. இத்தனை வயதாகியும் இப்படி ஒன்று தனக்குத் தோன்றவில்லையே! சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"அழாதடி. மறுபடியும் கால் நனைச்சிட்டு இன்னொரு தடவை ஓடு!"

மறுநாள் திடலில் விலங்குகளும் பறவைகளும் அந்தத் துணி முன்னால்தான் கூடி நின்றன. "அடேயப்பா, இந்த ஆறு யார் போட்டது?" என்று கேட்டது வெள்ளாடு.

மரகதம் தன் பின்னால் ஒளிந்திருந்த பொன்னியை முன்னே தள்ளிவிட்டது.

"இவதான். நான் கரை மட்டும்தான் போட்டேன்."