அரைக் குடம் தண்ணீர்

"எவன் போட்ட உப்பு தண்ணியில கரையலையோ அவன்தான் திருடன். அவன் வூட்டு ஆட்டுக்கிடா கோயிலுக்கு," என்றார் பெரியண்ணன்.

முனியப்பனுக்கு நேர்ந்துவிட்டிருந்த அவருடைய சேவலை நேற்றிலிருந்து காணோம். கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. ஆனால் அவர் பார்வை பக்கத்து வீட்டு மாதுவை விட்டு நகரவே இல்லை.

அந்தச் சேவலை அவன் தொட்டதுகூட இல்லை. இருந்தாலும் இந்தப் பாழாய்ப்போன உப்பு கரையாமல் போய்த் தொலைத்தால்? இருப்பது ஒரே கிடா, அதுவும் மகள் காதுகுத்துக்கு வளர்ப்பது.

"பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள் அவன் மனைவி நிர்மலா. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். ஊரில் அவள் பேச்சுக்கு மரியாதை உண்டு.

இந்த வெயில் காலத்தில் அண்டா நிறையத் தண்ணீர் எதற்கு, அரைக் குடம் போதும் என்று அவளே ஊற்றினாள். யார்மேல் சந்தேகமோ அந்த வீட்டார் முதலில், புகார் சொன்னவர் கடைசியில். அதுதான் முறை என்றும் சொன்னாள். பூசாரிக்கும் அது நியாயமாகவே பட்டது.

மாது கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை கல் உப்பைப் போட்டான். பூசாரி வேப்பங்குச்சியால் கலக்கினார். கரைந்தது. அடுத்து நிர்மலா போட்டதும் கரைந்தது. மாதுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு வீட்டுக்கு வீடு வந்து போட்டார்கள். போகப்போகப் பூசாரிக்குத்தான் கை கடுத்தது.

கடைசியாகப் பெரியண்ணன், வீறாப்பாக இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். பூசாரி கலக்கினார். கை மாற்றிக் கலக்கினார். உப்பு அடியிலேயே கிடந்தது.

"யோவ், உன் சேவல நீயே அடிச்சித் தின்னுட்டு ஊர் மேல பழி போடறியா?" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது. அவர் வீட்டுக் கிடாதான் கோயிலுக்குப் போனது.

வீட்டுக்கு வந்தும் மாதுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சாமி சாமிதான் என்றான்.

"சாமியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அரைக் கொடம் தண்ணியில இவ்ளோ உப்புதான் கரையும். அதுக்கு மேல யாரு போட்டாலும் அடியிலதான் நிக்கும்."

மாது சாப்பிட உட்கார்ந்தவன் யோசித்தான். "அப்ப அவரும் திங்கல. சேவல யாருதான் எடுத்தது?"

நிர்மலா குக்கரைத் திறந்து ஒரு முழுத் தொடையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"தெனமும் மூணு மணிக்கு நம்ம ஜன்னல்கிட்ட வந்து நின்னு கூவுச்சிங்க. சாப்பிடுங்க, ஆறிடும்."