அண்ணன் அனுப்பியது

பொத்தானை அமுக்க வேண்டியதுதான். விரல் நகரவில்லை.

புரொஜெக்டர் வயரையும் சார்ஜரையும் செருகியாகிவிட்டது. சுவரில் ஒரு நீலக் கட்டம் காத்துக்கொண்டிருந்தது. பெஞ்சுகளில் மொத்த வகுப்பும்.

லேப்டாப் மட்டும் செத்துக் கிடந்தது.

அவள் அதை ஒருநாளும் அணைத்ததில்லை. மூடி மட்டும் வைப்பாள். அணைத்துவிட்டுத் திறந்தால் அந்த அறிவிப்பு வந்து நிற்கும். நேற்று சார்ஜ் போட மறந்துபோனாள். இத்தனை நாள் கூடவே வந்த சூதானம் இன்றைக்குப் பார்த்துக் காலை வாரிவிட்டது.

"என்னம்மா, ஆன் பண்ணு," என்றார் பேராசிரியர்.

அமுக்கினாள்.

சுவர் முழுக்க எழுத்து.

பல்கலைக்கழக நூலகம். சொந்தக் கணினி இல்லாத மாணவர்களுக்கான இரவல் கணினி. பருவ முடிவில் திருப்பித் தரவும்.

துபாயிலிருந்து அண்ணன் அனுப்பியது என்று சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு அண்ணனே கிடையாது. சும்மாவும் சொல்லவில்லை. அண்ணனுக்குப் பெயர் வைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, சித்திரையில் கல்யாணம்கூடப் பேசி முடித்திருந்தாள்.

"ஒங்க அண்ணன் லைப்ரரியிலயா வேல பாக்காரு?"

பின்னாலிருந்து ஒருத்தி. வகுப்பே கொல்லென்று சிரித்தது.

காது சுட்டது. உடம்பு கூசிச் சுருங்கியது.

சிரிக்கட்டும். ஒரு வாரம் சிரிப்பார்கள். பிறகு வேறு ஆள் கிடைத்துவிடும். தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றிய நொடியில்தான் முன்வரிசையைப் பார்த்தாள்.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

சுவரை வாசித்துக்கொண்டிருந்தாள். உதடு அசைய, திரும்பத் திரும்ப.

பேச்சியம்மாள் தன் ஆய்வேட்டைச் செல்போனில் அடித்தவள். விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து, கீறல் விழுந்த திரையில், கட்டைவிரலால். பாதியில் போன் நின்றுபோனது. அன்றைக்கு இவளிடம்தான் வந்து கேட்டாள், இந்த மாதிரி ஒன்று எங்கேயாவது இரவல் கிடைக்குமா என்று.

நூலகத்தில் கேள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

சொன்னால் அண்ணன் போய்விடுவான்.

"எனக்குத் தெரியலயே," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆய்வேடு கொடுத்தவர்கள்தான் இன்று பேசுகிறார்கள். பேச்சியம்மாளால் கொடுக்க முடியவில்லை. இனி அடுத்த வருஷம்தான். அதுவரை அவளை வீட்டார் படிக்க விடமாட்டார்கள் என்று விடுதியில் எல்லோருக்கும் தெரியும். கேட்க மட்டும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

சிரிப்பு அடங்கியது.

"ஏட்டி," என்றாள் பேச்சியம்மாள் மெல்ல. "இத யார் கேட்டாலும் குடுப்பாவளா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இவள் ஆமென்று தலையை ஆட்டினாள். ஆட்டினோமா என்று இவளுக்கே தெரியவில்லை.

அறிவிப்பு மறைந்தது. கோப்பைத் திறந்தாள்; இவளுடைய ஆய்வேட்டின் முதல் பக்கம் சுவரில் வந்தது.

"ம், ஆரம்பிம்மா," என்றார் பேராசிரியர்.

சிரித்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசிவிடலாம். அதற்குத் தைரியம் மிச்சம் இருந்தது.

முன்வரிசையைத் தாண்டித்தான் அவர்களைப் பார்க்க வேண்டும்.